போய்ச் சேராதவரின் திருநாள்

கத்தோலிக்கத் திருநாட்காட்டியில் டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு உரிய நாள். திருவருகைக் காலம் எவ்வளவு பிந்தித் தொடங்கினாலும் அந்தத் தேதியைத் தாண்டாது. அதனால் அவருடைய திருநாள் எந்த ஆண்டிலும் திருவருகையின் முதல் வாரத்துக்குள்ளேயே வந்துவிடும். கோயிலில் அப்போதுதான் ஊதாத் துணி விரித்திருப்பார்கள். நான்கு மெழுகுவத்திகளில் ஒன்று மட்டும் எரியும். வானவர் கீதத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு நாளைக்கு மட்டும் குருவானவர் வெள்ளை உடையில் வருவார். 2023இல் டிசம்பர் 3 ஞாயிறாக வந்தது. அப்படி வந்தால் திருவருகை முதல் ஞாயிறுக்குத்தான் முதலிடம், புனிதர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது திருச்சபையின் வழிபாட்டு முறை.

தேதிப் பொருத்தம் தற்செயலானது. அன்று அவர் இறந்தார், அவ்வளவுதான். ஆனால் மலாக்காவில் இருந்துகொண்டு இந்தத் திருநாளைக் கொண்டாடுகிறவர்களுக்கு அதைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வருவதில்லை. மீட்பருக்காகக் காத்திருக்கும் காலத்தின் வாசலிலேயே, காத்திருந்து காத்திருந்து செத்துப்போன ஒரு மனிதரைத் திருச்சபை நிறுத்தி வைத்திருக்கிறது.

சீனக் கரைக்கு எதிரே சான்சியான் என்றொரு தீவு. அந்நியர் சீனாவுக்குள் நுழையக்கூடாது என்ற தடை இருந்த காலம். கான்டன் நகருக்குத் தன்னைக் களவாகக் கொண்டுபோய் இறக்கிவிடச் சவேரியார் ஒரு சீன வணிகரிடம் பேசி வைத்திருந்தார். கூலி மிளகாகத் தருவதாக ஏற்பாடு. சொன்ன நாளில் படகு வரவில்லை. தீவில் கொட்டகை போட்டு வியாபாரம் செய்த போர்ச்சுகீசியர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் வந்தது. ஓலைக் குடிசையில், குளிரில், 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3 விடிவதற்குள் உயிர் பிரிந்தது. வயது 46. பாரிஸில் படித்து, இஞ்ஞாசியாரோடு இயேசு சபையைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, மலுக்குத் தீவுகள், ஜப்பான் என்று பத்தாண்டு சுற்றியவர் கடைசியாகப் போக விரும்பிய ஒரே இடத்துக்குப் போகவில்லை.

திருநாள் மறையுரைகளில் இது கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். எத்தனை கடல், எத்தனை நாடு, எத்தனை ஆயிரம் பேருக்குத் திருமுழுக்கு என்ற கணக்குதான் முன்னால் நிற்கும். தமிழ்நாட்டுக் கோட்டாற்றுத் திருவிழாவுக்கு அந்தக் கணக்கு பொருத்தமாக இருக்கலாம். அங்கே பத்து நாள் விழா, கொடி, தேர், மாவட்டத்துக்கே விடுமுறை. அங்கே அவர் வென்றவர். வேணாட்டு அரசர் அவரை வலிய பண்டாரம் என்று மதித்து அழைத்தார் என்ற கதையும் அங்கே உண்டு. மலாக்காவில் அவர் தோற்றவர். இந்த ஊர் அவருக்குச் செய்ததை நினைத்தால் இங்கே அவருக்குத் திருநாள் எடுப்பதே ஒரு மன்னிப்புக் கேட்கும் காரியம் என்று எனக்குத் தோன்றும்.

1545இல் முதன்முறையாக இங்கே வந்தார். பிறகு மலுக்குத் தீவுகளுக்குப் போகும்போதும் வரும்போதும், ஜப்பானுக்குப் போகும்போதும் வரும்போதும் மலாக்காதான் நடுவழி. 1547 டிசம்பரில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்ததும் இங்கேதான். ஆற்றங்கரையில் நிற்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயில் வளாகத்தில் இருவருக்கும் சிலை இருக்கிறது. 1552இல் நிலைமை மாறியது. டியோகோ பெரைரா என்ற வணிகரைத் தூதராக்கி, அவரோடு முறைப்படி சீனாவுக்குள் போகலாம் என்பது சவேரியாரின் திட்டம். வாஸ்கோ ட காமாவின் மகன் ஆல்வரோ டி அத்தாயிடெ அப்போது மலாக்காவின் தலைவர். பெரைராவைப் போகவிட மாட்டேன் என்று கப்பலை மறித்தார். சவேரியார் கெஞ்சினார். திருத்தந்தையின் தூதர் என்ற தன் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். கடைசியில் சபைவிலக்கு வரைக்கும் போனது. கப்பலை விட்டார்கள், தூதரை விடவில்லை. காலணியின் தூசியைத் தட்டிவிட்டு அவர் இந்த ஊரை விட்டுப் போனார் என்று ஒரு கதை வழங்குகிறது. தட்டினாரோ இல்லையோ, தட்டியிருந்தால் குறை சொல்ல முடியாது. தூதர் இல்லாமல் போனதால்தான் சான்சியானில் கள்ளப்படகுக்குக் காத்திருக்க வேண்டி வந்தது.

மலாக்காவுக்கே அவர் உடல் திரும்பி வந்தது. 1553 மார்ச் 22. ஆல்வரோ இன்னும் பதவியில்தான் இருந்தார். உடலை வரவேற்க முன்னால் நின்றவர் அதே பெரைரா. குன்றின் மேலிருந்த மாதா கோயிலில், பெட்டி இல்லாமல், வெறும் மண்ணில் வைத்தார்கள். குழி அளவு போதவில்லை, தலையை முன்னால் மடக்கித்தான் வைத்தார்கள் என்று பழைய வரலாறுகள் சொல்லும். ஆகஸ்டில் தோண்டிப் பார்த்தார்கள், உடல் அழியாமல் இருந்தது என்றார்கள். டிசம்பரில் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் குறைவாக மலாக்கா மண் அவரை வைத்திருந்தது.

இன்று அந்தக் குன்றில் ஏறினால் கூரை இல்லாத கோயில். 1521இல் துவார்த்தே கொயேல்யோ கட்டிய சிற்றாலயத்தில் தொடங்கியது, பிறகு புனித பவுல் கோயில் என்று பெயர் மாறியது. 1641இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபின் தங்கள் வழிபாட்டுக்கு வைத்திருந்து, 1753இல் கீழே கிறிஸ்து ஆலயம் எழுந்ததும் இதைக் கல்லறைக்கு விட்டுவிட்டார்கள். ஆள் உயரக் கல்லறைப் பலகைகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு தெளிவாக வெட்டியவை, விரலை வைத்துத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டும் படித்துவிடலாம். பீடம் இருந்த பக்கத்தில் தரையில் அவரை வைத்திருந்த குழி, மேலே கம்பி வலை. வலைக்குக் கீழே சில்லறைக் காசுகளும் கசங்கிய ரிங்கிட் நோட்டுகளும். யாரோ ஒருவர் முதல் காசைப் போட்டிருப்பார், பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாசலுக்கு எதிரே சவேரியாரின் வெள்ளைச் சிலை நிற்கிறது. 1952இல் நிறுவியது, வலக்கை கிடையாது. மந்திரித்து வைத்த மறுநாளே சவுக்கு மரம் ஒன்று விழுந்து கையை ஒடித்துவிட்டது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார்கள். அடுத்த வரி நமக்குத் தெரியும்: 1614இல் அவருடைய உண்மையான வலக்கையை வெட்டி ரோமாபுரிக்கு அனுப்பினார்கள், அது இன்றும் அங்கே ஜேசு கோயிலில் இருக்கிறது. இந்தப் பொருத்தத்தில் சிலிர்த்துப்போகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். எனக்கு அதைவிடக் குழிதான் பெரிது.

குழி வெறுமையாக இருப்பதைக் காட்டி உயிர்ப்புத் திருநாளோடு முடிச்சுப் போடுவது பேச்சாளர்களுக்கு எளிது. அந்த முடிச்சு நிற்காது. கிறிஸ்துவின் கல்லறை வெறுமையானதற்கு நம்பிக்கையாளர்கள் சொல்லும் காரணம் வேறு. இங்கே மனிதர்கள் வந்து தோண்டி, துணியில் சுற்றி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோவாவில் பொம் ஜேசு கோயிலில் அந்த உடல் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள், கடைசியாக 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை வைத்தார்கள். கை ரோமாபுரியில். மலாக்காவுக்குக் கிடைத்தது அவர் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போன இடம். திருப்பண்டம் இல்லாத இடத்தில் திருநாள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இந்தக் கேள்விக்கு, மலாக்கா நகருக்கு வெளியே பழைய தோட்டப் பகுதியான பாயா ரும்புட் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் பிறந்தது. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரித்தார். பால்மரத்தைத் தொடர்ந்து தமிழர்கள் வந்தார்கள். வந்தவர்களில் சிறுபான்மையாகக் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவுப் பெயர்களில் முனியாண்டிக்கும் ராமாயிக்கும் நடுவே ஒரு சவரிமுத்து, ஒரு அந்தோனியம்மாள். லயத்துக் கோடியில் மாரியம்மன் கோயில் என்றால், வசதி இருந்த தோட்டங்களில் தகரக் கூரை போட்ட சிற்றாலயம், உள்ளே வேளாங்கண்ணி மாதாவோ அந்தோனியாரோ. சாமியார் வருவது எப்போதோ ஒருமுறை. மற்ற ஞாயிறுகளில் செபமாலை, அதைச் சொல்லித் தர வயதான ஒரு பெண்.

பிறகு நடந்ததை மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத் துண்டாடல், செம்பனை, மேம்பாடு. லயங்கள் போய்த் தாமான் குடியிருப்புகள் வந்தன. பாயா ரும்புட் இன்று கடைவரிசையும் வீட்டு வரிசையுமாக இருக்கும் ஊர். செங் வழியாக மலாக்கா நகருக்கு வண்டியில் கொஞ்ச நேரம்தான், நெரிசலைச் சேர்க்காமல் சொல்கிறேன். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றினார்கள். சாமி படங்களை மடியில் வைத்துக்கொண்டார்கள். கல்லறைகளை ஏற்ற முடியாது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நகரத்துக் கல்லறைகளில் அன்று மெழுகுவத்தியும் மாலையுமாக இருக்கும். தோட்டத்தில் புதைத்தவர்களைத் தேடிப் போகிறவர்கள் பாராங்கத்தியும் கொண்டுபோக வேண்டும். செம்பனை மட்டைகளை விலக்கினால் சிமெண்டுச் சிலுவை தென்படும். சிமெண்டு காய்வதற்குள் ஆணியால் கீறிய பெயர், பாதி பாசிக்குள். சில இடங்களில் நிலம் கைமாறி வேலி போட்டிருப்பார்கள், வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். இன்னும் சில இடங்களில் எந்த மேடு யாருடையது என்று காட்டக்கூடிய கடைசி ஆளும் போய்விட்டார். அதிலிருந்து ஒரு மாதம் கழித்துச் சவேரியார் திருநாள். உடல் இருந்தும் பெயர் அழிந்த குழிகளில் மெழுகுவத்தி வைத்தவர்கள், பெயர் இருந்தும் உடல் இல்லாத குழி இருக்கும் குன்றுக்கடியில் வந்து கூடுகிறார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. திருநாட்காட்டியின் அடுக்கு அப்படி அமைந்திருக்கிறது.

ஒரு புனிதர் வந்து தங்கிய இடம், அவர் போன பிறகும் புனிதமாகவே இருக்கிறது என்று திருச்சபை சொல்கிறது என்றால், ஒரு தாத்தா நாற்பது ஆண்டு பால் வெட்டி, அங்கேயே புதைந்து, இப்போது வீட்டுக்காரர்கள் கார் நிறுத்தும் இடமாகிவிட்ட மண்ணைப் பற்றியும் அது ஏதோ சொல்கிறது. நான் இதை இறையியலாக நிறுவ வரவில்லை. மலாக்காத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் இந்தத் திருநாள் இப்படித்தான் வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கோவாவுக்குப் போய் வெள்ளிப் பேழையைப் பார்த்துவிட்டு வந்தவர்களும்கூடத் திருநாளன்று குன்றேறிக் கம்பி வலையருகே ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்கிறார்கள்.

அவருக்கும் தமிழுக்கும் இருந்த உறவைச் சொல்லாமல் போக முடியாது. 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்குப் போனவர் அங்கே பரதவர்களிடையே ஈராண்டுக்கு மேல் சுற்றினார். அவர்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவர்களுக்குத் தாய்மொழி ஒன்று, எனக்குத் தாய்மொழி பாஸ்க், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 1544 ஜனவரியில் ரோமாபுரித் தோழர்களுக்கு எழுதினார். இரு மொழியும் அறிந்த சிலரைப் பிடித்துச் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் எல்லாவற்றையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருடைய தமிழில் ஏகப்பட்ட பிழை. பின்னால் வந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் அதையெல்லாம் திருத்தினார், 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார், 1586இல் அடியார் வரலாறு. அந்த அடியார் வரலாறு திருநாட்களைச் சுற்றியே கட்டிய புத்தகம். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று எந்த நாளில் யாரை நினைக்க வேண்டும், ஏன் நினைக்க வேண்டும் என்று சொல்லவே அச்சாகியிருக்கிறது.

மலாக்காவிலும் அவர் அதே வேலையைச் செய்தார், இங்கே மலாய் மொழியில். தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்த துறைமுகத்தில் அவருடைய அரைகுறைத் தமிழைக் கேட்டு யாராவது சிரித்திருப்பார்களோ என்று யோசிப்பதில் எனக்கொரு சின்னச் சந்தோஷம். திருநாளின் முதல் வாசகம் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது: எல்லாருக்கும் எல்லாமாக ஆனேன் என்ற பொருளில் வரும் பகுதி. பிழையோடு பேசியாவது அடுத்தவர் மொழியில் நிற்பது என்று அதற்கு விளக்கம் சொன்னால் மணியாட்டிக்கொண்டு போனவரின் படம் கண்ணுக்கு வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைத் திருநாளன்று யாரும் பேசுவதில்லை. 1546 மே மாதம் மலுக்குத் தீவுகளில் உள்ள அம்போனிலிருந்து போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியப் பகுதிகளுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டவர் இவர்தான். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்துக் கோவாவில் அது வந்தது, அது செய்த கொடுமைகள் வரலாற்றில் இருக்கின்றன. தென்கரையில் பிள்ளைகள் சிலைகளை உடைத்ததை மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். லயத்தில் மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த கதவில் வளர்ந்த ஒருவருக்கு இது தொண்டையில் சிக்கும். சித்தப்பா வீடு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும், பெரியப்பா வீடு தவக்காலத்தில் கறி சாப்பிடாது, ஆடிக்கும் கிறிஸ்துமசுக்கும் தட்டு மாறும். இந்த உறவுக்குள் நின்றுகொண்டு அந்தக் கடிதங்களைப் படித்தால் கோபம் வருவது நியாயம். அந்தக் காலம் அப்படி என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள்.

ஆனாலும் திருநாள் என்பது ஒருவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவது ஆகாது. அதிகாரத்தைக் கூப்பிட்டுக் காரியத்தை முடிக்கலாம் என்று 1546இல் நம்பியவரை, ஆறே ஆண்டில் அதிகாரம் இந்தத் துறைமுகத்திலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. கடைசியில் சான்சியானில் அவரிடம் அரச முத்திரையும் இல்லை, தூதரும் இல்லை, கப்பலும் இல்லை. திருச்சபை நாள் குறித்திருப்பது அந்த நிலைக்கு. மற்ற நாட்களுக்கு இல்லை. என் மனத்துக்கு இது ஆறுதலாக இருக்கிறது. மற்றவர்களுக்கும் ஆறுதலாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன்.

ஆற்றங்கரைக் கோயில் 1849இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரின் முயற்சியில் எழுந்தது, இரட்டைக் கோபுரம், கொஞ்சம் சாய்ந்த நிலை. அதற்கு மூத்தது 1710இல் கட்டிய புனித பேதுரு கோயில். மலாக்காவில் தமிழர் சிறு தொகை, அதில் கத்தோலிக்கர் இன்னும் சிறு தொகை. போர்ச்சுகீசிய யூரேசியர்கள், சீனர்கள், சபா சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், எல்லாரும் கலந்த பங்குகள். அதனால் பெரிய திருப்பலிகளில் விசுவாசிகள் மன்றாட்டை மொழிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் ஒன்று, மாண்டரினில் ஒன்று, மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் மன்றாட்டைப் படிக்க ஆள் தேடுவது தனிக் கூத்து. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ரோமன் எழுத்தில் எழுதிக்கொடுத்தால் படிப்பார்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளை யாராவது கிடைத்தால் அம்மாக்கள் முகத்தில் ஒரு பெருமை.

அந்த ஒரு மன்றாட்டில் ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்று எனக்கு நீண்ட நாளாக எண்ணம். சான்சியானில் கடைசி வரை உடனிருந்தவர் அந்தோனியோ, கோவாவில் இயேசு சபையாரின் கல்லூரியில் படித்த சீன இளைஞர். இந்தியப் பணியாள் ஒருவரும் அந்தப் பயணத்தில் இருந்தார். சாகும் தருவாயில் சவேரியார் தனக்குப் புரியாத ஒரு மொழியில் பேசினார் என்று அந்தோனியோ பின்னால் சொன்னார். பிள்ளைப் பருவத்துப் பாஸ்க் மொழியாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு சேர்ந்து குழி தோண்டியவர் அந்தோனியோ. சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பையாவது ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று சுண்ணாம்பு கொட்டச் சொன்னவரும் அவர். நமக்கு அந்த மரணத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் வாய்வழி வந்தது. எசமானருக்குத் திருநாள் இருக்கிறது, சிலை இருக்கிறது, கோயில் இருக்கிறது. கூட இருந்த வேலையாளுக்கு ஒரு வரிகூட இல்லை. தோட்டத்திலிருந்து வந்த ஒரு சமூகம் படிக்கும் மன்றாட்டில் அவரைச் சேர்ப்பதற்குத் திருவழிபாட்டுக் குழுவில் யாரும் தடை சொல்வார்கள் என்று தோன்றவில்லை. பெயர் அந்தோனி என்பதால் வாசிக்கிற பிள்ளைக்கும் தடுமாற்றம் இருக்காது.